மண்ணிலும் சேற்றிலும் ஆர்க்கியா: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் சேலத்து ஏரிக்கரைகளிலும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலும் மண்ணும் சேறும் எடுத்துவந்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை, குறிப்பாகப் பாக்டீரியா போலத் தோன்றினாலும் தனிப் பிரிவான ஆர்க்கியாவை, பார்ப்பது என் வேலை. தோட்ட மேஸ்திரி, ஆலை மேற்பார்வையாளர், படகுத்துறையில் நிற்பவர், முதுகலை மாணவர் என்று கேட்கிற ஆள்தான் மாறுகிறார். சந்தேகங்கள் மாறுவதில்லை. அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

தம்பி, மண்ணை அள்ளிக்கொண்டுபோய் என்ன செய்யப் போகிறீர்கள்? பாக்சைட் இருக்கிறதா என்று பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்?

இல்லை ஐயா. இந்த மலையில் பாக்சைட் வெட்டியதைக் கண்ணால் கண்டவர்களுக்கு, மண் அள்ளும் எவர்மீதும் சந்தேகம் வருவது நியாயம்தான். தாது தேடுகிறவர்கள் ஆழத் துளையிட்டுப் பாறையை எடுப்பார்கள். நான் எடுப்பது மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள், இரண்டு கைப்பிடி. எடுத்த கையோடு ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். தாதுவுக்கு ஐஸ் எதற்கு? மண்ணுக்குள் இருக்கும் உயிர்கள் பையில் கிடக்கும் நேரத்தில் பெருகியோ செத்தோ கணக்கை மாற்றிவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஐஸ்.

ஆர்க்கியா என்பது பாக்டீரியாவுக்கு இன்னொரு பெயர்தானே?

நுண்ணோக்கியில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இரண்டும் ஒற்றைச் செல், இரண்டுக்கும் உட்கரு கிடையாது, அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். 1977இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் தோற்றத்தை விட்டுவிட்டு, செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டார்கள். மீத்தேன் உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள் பாக்டீரியாவோடும் ஒட்டவில்லை, செடி, விலங்குகளோடும் ஒட்டவில்லை. 1990இல் வூஸும் சக ஆய்வாளர்களும் உயிர்கள் அனைத்தையும் மூன்று பெரும் பிரிவுகளாக வகுத்தபோது ஆர்க்கியா தனிப் பிரிவாக நின்றது.

வேறுபாடு உள்ளே இருக்கிறது. ஆர்க்கியாவின் செல் சவ்வில் கொழுப்புச் சங்கிலிகள் ஈதர் பிணைப்பால் கோக்கப்பட்டவை. பாக்டீரியாவிலும் நம் உடலிலும் அது எஸ்டர் பிணைப்பு. பாக்டீரியாவின் செல் சுவருக்கு ஆதாரமான பெப்டிடோகிளைக்கன் ஆர்க்கியாவுக்குக் கிடையாது. அதனால் பென்சிலின் அவற்றை ஒன்றும் செய்யாது. மரபணுவைப் படித்துப் பிரதி எடுக்கும் பொறியமைப்போ பாக்டீரியாவைவிட நம் செல்லுக்கே நெருக்கமானது.

அவை வெந்நீர் ஊற்றிலும் உப்பளத்திலும்தானே இருக்கும்? சேலத்தில் ஏது?

முதலில் புகழ்பெற்றவை அப்படிப்பட்டவை என்பதால் வந்த எண்ணம் இது. இத்தாலியின் வுல்கானோ தீவருகே கிடைத்து 1986இல் விவரிக்கப்பட்ட பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ், 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் செழிக்கும். உப்பளப் பாத்திகளில் நீர் செவ்வண்ணமாவதற்கு உப்பை விரும்பும் ஆர்க்கியா ஒரு காரணம். தூத்துக்குடிப் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம்.

பரபரப்பில்லாத இடங்களில் இருப்பவைதான் எனக்கு முக்கியம். மாட்டின் முன்வயிறு, நெல்வயல், ஏரிச்சேறு, சேகோ ஆலையின் கழிவுநீர்க் கலன், காப்பிச் செடியின் வேர்மண், ஏன், நம் குடலிலும்கூட ஆர்க்கியா உண்டு. சேலத்தில் ஆர்க்கியா இல்லாத கைப்பிடி மண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

ஒரு கைப்பிடி மண்ணில் எத்தனை இருக்கும்?

வளமான மண்ணில் ஒரு கிராமுக்குள்ளேயே நூறு கோடி அளவில் பாக்டீரியா இருக்கும். சாதாரண மேல்மண்ணில் ஆர்க்கியாவின் பங்கு பெரும்பாலும் சில சதவீதம்தான். ஆழம் கூடினாலும் ஆக்சிஜன் குறைந்தாலும் அந்தப் பங்கு மாறும். சில சதவீதம் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அந்தச் சில சதவீதம் செய்யும் வேலையைக் கீழே யூரியா பற்றிய பதிலில் பாருங்கள்.

ஏற்காடு ஏரியில் படகில் போகும்போது அடியிலிருந்து குமிழி குமிழியாக வருகிறதே, மீனா, ஊற்றா?

மீனாகவும் இருக்கலாம். துடுப்பு அடிச்சேற்றில் பட்டதும் கொத்தாகப் பொங்கி வந்தால் அது பெரும்பாலும் சேற்றில் அடைபட்டிருந்த வாயு. அதில் முதன்மையானது மீத்தேன். 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் அலெசாந்த்ரோ வோல்டா சேற்றைக் கோலால் கிளறி, வந்த குமிழிகளைப் பாட்டிலில் பிடித்து, அது எரியும் வாயு என்று காட்டினார். பின்னாளில் மின்கலம் செய்த அதே வோல்டாதான்.

மீத்தேன் எங்கே உண்டாகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற ஓர் ஏரியின் ஓரத்தில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் நேராக அமுக்கி, மேல்வாயை ரப்பர் மூடியால் அடைத்து மெல்ல உருவினால் சேறு தூணாக வரும். தூணின் உச்சியில் தாள் கனத்துக்கு ஒரு பழுப்பு அடுக்கு. ஆக்சிஜன் எட்டுவது அவ்வளவுதான். பழுப்பு நிறம் இரும்புத் துருவுடையது. அதற்குக் கீழே கன்னங்கரிய சேறு, அது இரும்பு சல்பைடு. அந்தக் கறுப்பை வெட்டித் தட்டில் வைத்தால் காற்றுப்பட்டு விளிம்பிலிருந்து பழுப்பேறத் தொடங்கும். இன்னும் கீழே சேற்றில் கீறல்களும் சிறு பொந்துகளும் தெரியும். அவைதான் குமிழிகள் உட்கார்ந்திருந்த இடம்.

ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்பேட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துகின்றன. எல்லாம் தீர்ந்த அடுக்கில்தான் மீத்தேன் ஆர்க்கியாவின் ஆட்சி. கடல் சேற்றில் சல்பேட் ஏராளம் என்பதால் அந்த அடுக்கு ஆழத்துக்குப் போய்விடும். நன்னீர் ஏரியில் சல்பேட் குறைவு, ஆகவே அது மேலேயே தொடங்கிவிடுகிறது. கரைந்த நிலையில் மேலேறும் மீத்தேனைப் பழுப்பு அடுக்கில் காத்திருக்கும் வேறு பாக்டீரியாக்கள் பெருமளவு தின்றுவிடும். குமிழியாக வருவது மட்டும் அவற்றின் கைக்குத் தப்பிக் காற்றில் கலக்கிறது.

அந்தக் கறுப்புச் சேற்றின் நாற்றம் மீத்தேன் நாற்றமா?

மீத்தேனுக்கு மணமே கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. அது சல்பேட்டைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்களின் கைவேலை. புளித்த நாற்றம் என்றால் அமிலங்கள். அடுத்த கேள்விக்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

எங்கள் சேகோ ஆலையில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிறோம். நன்றாக வந்த வாயு சீசன் நடுவில் குறைந்துவிட்டது. சாணம் கரைத்து ஊற்றினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. முதலில் கலனுக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். மரவள்ளி மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும், சர்க்கரையை அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாகவும் உடைப்பவை பாக்டீரியா. அசிட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் எடுத்து மீத்தேனாக்குவது ஆர்க்கியா. இந்தக் கடைசி வேலையை அவற்றைத் தவிர வேறு யாரும் செய்வதில்லை. பாக்டீரியா மணிக்கணக்கில் பெருகும். மீத்தேன் ஆர்க்கியாவில் அசிட்டிக் அமிலத்தை நம்பியவை நாள்கணக்கில் பெருகுபவை. கிழங்கு வரத்து கூடும் நாளில் கழிவுநீரும் கூடும். அமிலம் உண்டாகும் வேகத்துக்கு அதைத் தின்னும் வேகம் ஈடுகொடுக்காது. அமிலம் தேங்கி பிஎச் (அமில, கார அளவு; அமிலம் கூடினால் இந்த எண் குறையும்) 6.5க்குக் கீழே இறங்கினால் முதலில் முடங்குவது ஆர்க்கியா. அமிலம் தயாரிக்கும் கூட்டமோ அலட்டிக்கொள்ளாமல் இன்னும் அமிலம் தயாரிக்கும்.

எனவே செய்ய வேண்டியது: உள்ளே விடும் கழிவுநீரை நிறுத்துங்கள், அல்லது நன்றாகக் குறையுங்கள். பிஎச் பாருங்கள். சுண்ணாம்போ சோடா உப்போ சிறுகச் சிறுகச் சேர்த்து 6.8க்கு மேல் கொண்டுவாருங்கள். வாயு மீண்டு, தீச்சுடர் நீலமாக நின்று எரியத் தொடங்கியபின் கழிவுநீரைப் படிப்படியாகக் கூட்டுங்கள். கலனைச் சுற்றிப் புளித்த நாற்றம் தூக்கலாக இருந்தால் மீட்சி இன்னும் வரவில்லை என்று பொருள். சாணத்தில் மீத்தேன் ஆர்க்கியா இருப்பது உண்மை. புதுக் கலனைத் தொடங்க அது நல்ல வித்து. ஆனால் பிஎச் 5.5ல் கிடக்கும் கலனில் ஊற்றும் சாணத்திலுள்ளவையும் அங்கே ஏற்கெனவே முடங்கிக் கிடப்பவற்றோடு சேர்ந்து முடங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உண்டு. சிறிதளவுக்குக் கலனிலுள்ள கூட்டம் பழகிக்கொள்ளும், திடீரென்று கூடினால் தாங்காது. வெளுக்கும் ரசாயனம் கலந்த நீரைத் தனி வாய்க்காலில் விடுங்கள். கிருமியைக் கொல்லும் பொருள் இந்த ‘நல்ல கிருமி’யையும் கொல்லும்.

நெல்வயலில் தண்ணீர் கட்டினால் மீத்தேன் வருகிறது என்கிறார்கள். மாடும் நெல்லும் இல்லாமல் நாங்கள் எப்படிப் பிழைப்பது?

யாரும் நெல்லை விடச் சொல்லவில்லை. தண்ணீர் நின்ற வயல் என்பது மேலே சொன்ன ஏரிச்சேற்றின் சிறு வடிவம். ஒரு வேறுபாடு: இங்கே மீத்தேனின் பெரும்பங்கு குமிழியாக வருவதில்லை, நெற்பயிரின் உள்ளே இருக்கும் காற்றுக் குழல்கள் வழியாகவே வெளியேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சச் சொல்கிறது பிலிப்பீன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. காய்ச்சலின்போது மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்குகிறது. மீத்தேன் ஆர்க்கியாவுக்கு அது நஞ்சு. ஒரு சிக்கலும் உண்டு: நனைந்து காய்ந்து நனையும் மண்ணில், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். யூரியாவை அள்ளிக் கொட்டாமல் பிரித்துப் போட்டால் அது கட்டுக்குள் இருக்கும்.

காப்பிக்கு யூரியா போட்டால் இரண்டு மழையில் காணாமல் போகிறது. இதற்கும் உங்கள் ஆர்க்கியாவுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். யூரியா மண்ணில் அமோனியமாகிறது. அமோனியம் நேர்மின்னூட்டம் கொண்டது. களிமண்ணும் மக்கிய சருகும் அதைப் பிடித்துவைக்கும். அதை நைட்ரைட்டாக மாற்றும் முதல் படியைச் செய்வது அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள். அடுத்த படியில் அது நைட்ரேட்டாகிறது. நைட்ரேட்டை மண் பிடித்துவைப்பதில்லை. சரிவு நிலத்தில் பெய்யும் மழை அதை வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும்.

அந்த முதல் படி பாக்டீரியாவின் தனி உரிமை என்று நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தோம். 2005இல் சியாட்டில் மீன்காட்சியகத் தொட்டியின் சரளையிலிருந்து, அமோனியாவைத் தின்னும் ஆர்க்கியா ஒன்றைப் பிரித்து வளர்த்தார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பிய மண் மாதிரிகளில் எண்ணிப் பார்த்தபோது, அமோனியாவைத் தின்பதற்கான மரபணு பாக்டீரியாவுடையதைவிட ஆர்க்கியாவுடையது பல இடங்களில் மிக அதிகம். ஓர் இடத்தில் 3,000 மடங்கு வரை. 2011இல் ஸ்காட்லாந்தின் அமில மண்ணிலிருந்து கிடைத்த நைட்ரோசோட்டேலியா, பிஎச் 4 முதல் 5.5 வரையிலான மண்ணில் வாழ்கிறது. அந்த அமிலத்தில் அமோனியா வடிவம் அரிதாகிவிடுவதால் பாக்டீரியா பசியில் வாடும். ஆர்க்கியாவோ மிகக் குறைந்த அளவையும் தேடிப் பிடித்துவிடும். மழையில் கரைந்து அமிலமேறிய மலைத் தோட்டத்து மண்ணில் இந்த வேலையை யார் செய்வார்கள் என்பதை இதைக் கொண்டு ஊகிக்கலாம்.

நடைமுறைக்கு வருவோம். அமோனியம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலமும் உண்டாகிறது. ஆண்டுதோறும் யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ போடும் தோட்டத்தில் பிஎச் இறங்கிக்கொண்டே போவது அதனால்தான். மண் பரிசோதனை பார்த்துச் சுண்ணாம்பு போடுங்கள், யூரியாவைச் சிறு தவணைகளாகப் பிரியுங்கள், கனமழைக்கு முன்னால் போடாதீர்கள், நிழல்மரச் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவதும் இந்த முதல் படியைத் தாமதப்படுத்தத்தான். நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் 2015இல் அது கட்டாயமாக்கப்பட்டது. வேப்பம் புண்ணாக்கோடு கலந்து போட்ட நம் முன்னோர் நைட்ரேட் என்ற பெயரை அறியாதவர்கள், பலனை அறிந்தவர்கள்.

அப்படியானால் நல்ல ஆர்க்கியாவை வாங்கி மண்ணில் விடலாமா? பாட்டிலில் ஏதாவது கிடைக்குமா?

‘ஆர்க்கியா உரம்’ என்று யாராவது விற்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம், ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் எல்லாம் பாக்டீரியா, டிரைகோடெர்மா பூஞ்சை. அவற்றுக்கு அவற்றின் பயன் உண்டு. பயறு வகை புதிதாக விதைக்கும் நிலத்தில் சரியான ரைசோபியம் நல்ல பலன் தரும். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைத்த பொட்டலத்தில் உயிர் மிஞ்சாது.

ஆர்க்கியாவைப் பொறுத்தவரை விதை ஏற்கெனவே உங்கள் மண்ணில் இருக்கிறது. எது எழும், எது அடங்கும் என்பதைத் தீர்மானிப்பவை ஈரமும் காற்றும் பிஎச்சும் அங்கே கிடைக்கும் உணவும். சேகோ கலனில் பார்த்ததும் வயலில் பார்த்ததும் இதுதான். பாட்டில் வாங்கும் பணத்தில் ஒரு லோடு சுண்ணாம்பு வாங்கினால் அமில மண்ணில் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிவிடும்.

முதல் மழையில் வரும் மண்வாசனை ஆர்க்கியாவா?

இல்லை, அது ஜியோஸ்மின். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் சரக்கு. நம் மூக்கு அதை நீரில் லட்சம் கோடியில் சில பங்கு அளவிலேயே கண்டுகொள்ளும்.

சேற்றில் கை வைக்கிறீர்களே, நோய் வராதா?

ஆர்க்கியாவால் மனிதருக்கு நோய் வந்ததாக உறுதியாக நிறுவப்பட்டது எதுவும் இல்லை. அதே சேற்றில் இருக்கும் பாக்டீரியாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மண்ணில் டெட்டனஸ் வித்துகள் உண்டு. மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பர்க்கோல்டேரியா ஈரமண்ணில் வாழ்வது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து, தமிழ்நாட்டிலும் பதிவாகியிருக்கிறது. கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், டெட்டனஸ் ஊசி. காலில் வெட்டுக்காயத்தோடு ஏரியில் இறங்கும் மாணவரை நான் கரைக்கு அனுப்பிவிடுவேன்.

வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்து மண்ணில் செடியே சரியாக வளர்வதில்லை. அங்கே எந்த நுண்ணுயிர் இருக்கப்போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நீங்கள் சொல்லும் வெள்ளைக்கல்தான் மாக்னசைட். அது, டியூனைட் என்ற பாறையைக் கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் அரித்து, அதன் மக்னீசியத்தைக் கார்பனேட்டாக நரம்பு நரம்பாகப் படியவைத்ததால் உண்டானது. அத்தகைய பாறையில் உருவான மண்ணில் மக்னீசியம் மிகுதி, கால்சியம் குறைவு, நிக்கலும் குரோமியமும் தூக்கல். செடிகள் திணறுவது அதனால்தான்.

நுண்ணுயிருக்கு அது வேறு கதை. மீத்தேனை உண்டாக்கும் கடைசி வினையைச் செய்யும் நொதியின் நடுவில் எஃப்430 என்ற மூலக்கூறு இருக்கிறது. அதன் மையத்தில் உட்கார்ந்திருப்பது நிக்கல். நிக்கல் இல்லாமல் மீத்தேன் ஆர்க்கியா இல்லை. இன்னொன்று: இந்த வகைப் பாறை நீரோடு வினைபுரிந்து செர்பென்டைன் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது, ஹைட்ரஜன் அவற்றுக்கு உணவு. ஓமானின் பாறைகளுக்குள் ஊறும் நிலத்தடி நீரில் இப்படி வாழும் ஆர்க்கியாவைக் கண்டிருக்கிறார்கள். அதற்காகக் கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கத்து வறண்ட மேல்மண்ணைக் கிளறி மீத்தேன் தேடாதீர்கள். அங்கே ஆக்சிஜன் புகுந்துவிடும். தேடுவதென்றால் மழைநீர் நிரந்தரமாகத் தேங்கிய பழைய குழிகளின் அடிச்சேற்றில் தேடலாம், சுரங்கத்தாரின் அனுமதியோடு.

பாக்டீரியாவைத் தட்டில் வளர்ப்பதுபோல ஆர்க்கியாவையும் வளர்த்துக் காட்டுங்கள், நம்புகிறேன்.

சிலவற்றைக் காட்டலாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் வழக்கமான தட்டுகளில் வளர்பவை ஏறத்தாழ ஒரு சதவீதமே என்பது பழைய கணக்கு. மீத்தேன் ஆர்க்கியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது என்பதால் ராபர்ட் ஹங்கேட் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை: ஊட்டக் கரைசலைக் கொதிக்கவைத்து, காற்றை நீக்கி, கனத்த ரப்பர் அடைப்பான் போட்ட புட்டியில் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் நிரப்ப வேண்டும். கரைசலில் ரெசாசுரின் என்ற சாயத்தை ஒரு துளி விடுவோம். ஆக்சிஜன் கொஞ்சம் புகுந்தாலும் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். வாரக்கணக்கில் பொறுத்தபின் ஒரு துளியை எடுத்துத் தகுந்த நீல ஒளியில் நுண்ணோக்கியில் பார்த்தால் மீத்தேன் ஆர்க்கியா நீலப்பச்சையாகத் தானே ஒளிரும். எஃப்420 என்ற துணைநொதியின் வேலை அது. சாயம் பூசாமலே ஒளிர்வதைப் பார்த்த மாணவர்கள் அதற்குப்பின் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மனிதனே ஆர்க்கியாவிலிருந்து வந்தவன் என்று படித்தேன். உண்மையா?

மனிதன் என்று நேராகத் தாவாதீர்கள். உட்கரு உள்ள செல்களின் மூதாதை ஆர்க்கியாவுக்குள்ளிருந்து கிளைத்தது என்பதே இன்று வலுவாக நிற்கும் கருத்து. 2015இல் ஆர்க்டிக் பகுதிக் கடலடிச் சேற்றின் டி.என்.ஏ.விலிருந்து லோக்கி ஆர்க்கியா என்ற குழுவைக் கண்டறிந்தார்கள். நம் செல்களுக்கே உரியவை என்று நினைத்திருந்த பல மரபணுக்கள் அதில் இருந்தன. அதன் உறவுக்குழுவே ஆஸ்கார்ட் ஆர்க்கியா. அவற்றில் ஒன்றை முதலில் வளர்த்துக் காட்டியவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். ஆழ்கடல் சேற்றிலிருந்து தொடங்கிய வேலைக்கு 12 ஆண்டு பிடித்தது, கட்டுரை வெளிவந்தது 2020இல். அந்த ஆர்க்கியா இரண்டாகப் பெருகவே 14 முதல் 25 நாள் ஆகும். முனைவர் பட்டத்துக்கு அவசரப்படுகிறவர்கள் கவனிக்க.

நாங்கள் மாணவர்கள். மாதிரி எடுப்பதில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தோட்டத்து மண்ணென்றால் மேல்சருகை விலக்கி, ஒரே பாத்தியில் பல இடங்களில் எடுத்துக் கலந்து கொள்ளுங்கள். உரம் வைத்த குழியையும் மரத்தடியையும் தவிருங்கள், அல்லது தனியாகக் குறித்து எடுங்கள். கரண்டியை இடத்துக்கு இடம் எத்தனாலில் துடையுங்கள். மண் வெப்பம், ஈரம், பிஎச், கடைசியாக உரம் போட்ட தேதி ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். பின்னால் இவை இல்லாத டி.என்.ஏ. தரவு வெறும் பெயர்ப்பட்டியலாகக் கிடக்கும். ஏரிச்சேற்றை மேலே சொன்ன குழாயில் எடுத்து, அடுக்கு கலையாமல் நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மடியில் பிடித்து வருவது நல்லது.

ஆய்வகத்தில் வரும் பெரிய தலைவலி, மக்கிய சருகிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம். காப்பித் தோட்டத்து மண்ணிலிருந்து பிரித்த டி.என்.ஏ. கரைசல் வெளிறிய டீ நிறத்தில் இருந்தால், டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். வேலை செய்யாது. பத்து மடங்கு நீர்த்து ஒருமுறை முயலுங்கள். பெரும்பாலும் அதிலேயே பெருகிய டி.என்.ஏ.வின் பட்டை தெரிந்துவிடும்.

ஏற்காட்டு மண்ணை வெளிநாட்டில் இருக்கும் நண்பரின் ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

அனுமதியின்றிக் கூடாது. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002இன்படி நுண்ணுயிரும் உயிரியல் வளமே. வெளிநாட்டவர் ஆய்வுக்காக அதைப் பெறுவதற்குச் சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். சேர்வராயனில் காப்புக்காட்டுக்குள் மண் எடுக்க வனத்துறையைக் கேட்க வேண்டும். தனியார் தோட்டத்தில் உரிமையாளரை. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் கிராமத்தில் ஊர்ப் பெரியவர்களை. புதிய நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தால் சண்டிகரிலும் புனேயிலும் உள்ள தேசியச் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்கலாம்.

டி.என்.ஏ. பட்டியலில் பெயர் இருந்தால் அது மண்ணில் உயிரோடு இருக்கிறது என்றுதானே பொருள்?

அப்படி இல்லை. செத்த செல்லின் டி.என்.ஏ. களிமண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். அமெரிக்க மண் மாதிரிகளில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மண்ணிலுள்ள நுண்ணுயிர் டி.என்.ஏ.வில் சராசரியாக 40 சதவீதம் இத்தகைய எச்சம் என்றது. எதிர்ப்பக்கமும் உண்டு: பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக மண்ணில் இல்லை என்றும் சொல்ல முடியாது. பி.சி.ஆருக்குப் பரவலாகப் பயன்பட்ட பிரைமர்கள் (எந்த டி.என்.ஏ.வைப் பெருக்குவது என்று காட்டும் சிறு துண்டுகள்) அமோனியா தின்னும் ஆர்க்கியாவைக் குறைத்துக் காட்டியதால்தான் பின்னர் திருத்தப்பட்டன. பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது எந்தப் பிரைமர் என்று முதலில் பாருங்கள்.

என் தோட்டத்தில் ஆர்க்கியா 4 சதவீதம், பக்கத்துத் தோட்டத்தில் 2 சதவீதம் என்று அறிக்கை வந்திருக்கிறது. என் மண்தானே உயர்ந்தது?

இந்த எண்ணை வைத்து அண்டை வீட்டாரோடு போட்டி போடாதீர்கள். சதவீதம் என்பது பங்கு. உங்கள் மண்ணில் பாக்டீரியா பாதியாகக் குறைந்து ஆர்க்கியா அப்படியே நின்றாலும் 2 என்பது ஏறத்தாழ 4 ஆகும். மொத்த எண்ணிக்கை தெரியாமல் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. எச்ச டி.என்.ஏ., பிரைமர் ஆகிய மேலே சொன்ன இரண்டு சிக்கல்களும் இங்கேயும் உண்டு. உங்கள் மண் மழைக்குப் பிறகும் அவர் மண் கோடையிலும் எடுக்கப்பட்டிருந்தால் ஒப்பீடே செல்லாது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. அமிலமேறிய மண்ணில் அமோனியா தின்னும் ஆர்க்கியாவின் பங்கு கூடுவது இயல்பு. ஆக அந்த 4 சதவீதம் பாராட்டாக இல்லாமல், சுண்ணாம்பு கேட்கும் குரலாகவும் இருக்கலாம். முதலில் பிஎச் பாருங்கள். பிறகு இரண்டு தோட்டத்து மண்ணையும் ஒரே ஈரத்தில், ஒரே வெப்பத்தில் வைத்து, சம அளவு அமோனியம் சேர்த்து, வாரம் ஒருமுறை நைட்ரேட் அளந்து பாருங்கள். எந்த மண் உங்கள் யூரியாவை எவ்வளவு வேகத்தில் நைட்ரேட்டாக்கி மழைக்குக் கொடுக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். செலவும் டி.என்.ஏ. அறிக்கையைவிடக் குறைவு.